நாய்க்கும் பூனைக்கும் ஸ்கேன், ரேடியோதெரபி: கொழும்பில் வளர்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் நாய் மணி ஒருநாள் தும்மினான். வெள்ளை டைல்ஸில் சிவப்பாக நாலைந்து பொட்டு. துடைத்துவிட்டு மறந்துபோனோம். மூன்றாம் நாள் திரும்பவும் தும்மல், இந்தத் தடவை சுவரிலும் தெறித்தது. அன்றிரவு போனைத் தூக்கிக்கொண்டு தேடத் தொடங்கியவன், விடியற்காலை நாலு மணிக்கு மூக்குப் புற்றுநோய், சீ.டி. ஸ்கேன், கதிர்வீச்சு, சென்னைக்கு விமானம் என்று எங்கேயோ போய் நின்றேன். கடைசியில் அவனுக்கு இவற்றில் ஒன்றுமே தேவைப்படவில்லை. நுண்நோக்கியில் வைக்கும் ஒரு கண்ணாடித் தகடும் கொஞ்சம் சாயமும் போதுமாக இருந்தது.

அதனால் ஸ்கேன் வீண் என்று சொல்ல வரவில்லை. ரொறொன்ரோவில் இருக்கும் என் மாமியின் மகள் வளர்த்த நாய்க்கும் இதே மூக்கு இரத்தம்தான். அதற்கு ஸ்கேனும் கதிர்வீச்சும்தான் வழியாக இருந்தன. இரண்டு நாய்களையும் பார்த்த பிறகு என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு கேள்வி: இந்தப் படத்தை எடுத்தால், அடுத்து நாம் செய்யப்போவதில் என்ன மாறும்? கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் உங்கள் டொக்டரிடம் அதைக் கேளுங்கள். நல்ல டொக்டர் கோபிக்க மாட்டார்.

படி 1: படத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

முதலில் ஒரு கொப்பி. என்றைக்குத் தொடங்கியது, எந்தப் பக்கம், சாப்பிடுகிறதா, எடை குறைகிறதா என்று எழுதி வையுங்கள். நொண்டல், வலிப்பு, இருமல் என்றால் போனில் வீடியோ எடுங்கள். கிளினிக் வாசலுக்குப் போனதும் நொண்டாத நாய் கிடையாது, பயத்தில் எல்லாம் நேராக நடக்கும்.

மூக்குப் பிரச்சினை என்றால் வீட்டிலேயே ஒரு சின்னப் பரிசோதனை செய்யலாம். முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். நாய் வாயை மூடியபடி அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து மூக்குக்கு நேரே பிடியுங்கள். இரண்டு துளைக்கும் இரண்டு புகைப்பொட்டு விழ வேண்டும். மணிக்கு வலது பக்கம் வட்டமாக ஆவி படிந்தது, இடது பக்கம் கண்ணாடி பளிச்சென்று அப்படியே இருந்தது. ஒரு பக்கம் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கட்டி, பூஞ்சை, உள்ளே சிக்கிய புல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் டொக்டருக்கு அது பெரிய தடயம்.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. கொழும்பில் ஒரு நாய்க்கு மூக்கில் இரத்தம் வந்தால் புற்றுநோயை நினைக்கும் முன் உண்ணியை நினைக்க வேண்டும். உண்ணி கடித்துப் பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி பிளேட்லெட்டைக் குறைத்துவிடும், மூக்கால் இரத்தம் வடியும், முரசிலும் வயிற்றுத் தோலிலும் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். டெங்கு வந்துபோன வீடுகளில் பிளேட்லெட் கணக்கு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை, இதுவும் அதே மாதிரித்தான். இதற்கு ஸ்கேன் தேவையில்லை, மாத்திரை இருக்கிறது. பிளேட்லெட் குறைந்த நாயின் மூக்கைக் குடைந்து சதை எடுத்தால் இரத்தம் நிற்காமல் போகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மணியின் பிளேட்லெட் சரியாக இருந்தது. டொக்டர் அவனை லேசாக மயக்கி, அடைத்த பக்கத்தில் உப்புத் தண்ணீர் பாய்ச்சி, வெளியே வந்த சிறு சதைத் துணுக்கை ஒரு கண்ணாடித் தகட்டில் ஒற்றிச் சாயம் போட்டார். நுண்நோக்கியில் வட்ட வட்டமாகச் செல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் குமிழ்க் குமிழாகச் சின்ன வெற்றிடங்கள். எனக்கும் காட்டினார். இனச்சேர்க்கையால் பரவும் கட்டி அது, டொக்டர்மார் டீ.வீ.டீ. என்பார்கள். தெருநாய்கள் நிறைந்த நம் ஊர்களில் சாதாரணமாகப் பார்க்கக்கூடியது. இதில் நோயுள்ள நாயின் புற்றுச்செல்லே உயிரோடு அடுத்த நாயின் உடம்பில் ஒட்டி வளர்கிறது. பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும், முகர்வதாலும் நக்குவதாலும் மூக்கிலும் வரலாம். வெள்ளவத்தை ரயில் பாதையோரம் கிடைத்தவன் எதையெதை முகர்ந்திருப்பானோ.

வின்கிறிஸ்டின் என்ற ஊசி, வாரத்துக்கு ஒன்று, நாளத்துக்குள். பொதுவாக நாலு முதல் ஆறு ஊசியில் இந்தக் கட்டி கரைந்துவிடும். மணிக்கு மூன்றாவது ஊசியோடு இரத்தம் நின்றது. ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்த்தார்கள். மருந்து சிறுநீரில் வெளியேறும் என்பதால், ஊசி போட்ட சில நாட்களுக்கு அவனுடைய சிறுநீரைக் கையுறை போட்டுத்தான் கழுவினோம்.

தோலிலோ வாயிலோ நிணநீர்க் கணுவிலோ தொட்டுப் பார்க்கக்கூடிய கட்டி எதுவானாலும் முதலில் ஊசியால் குத்திச் செல்லை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல சமயம் மயக்க மருந்துகூட வேண்டாம். ஸ்கேன் கட்டியின் இடத்தையும் அளவையும்தான் சொல்லும், அது இன்ன கட்டி என்று பெயர் சொல்லாது.

படி 2: எக்ஸ்ரே

1895இல் ரோண்ட்ஜென் கண்டுபிடித்ததில் இருந்து அடிப்படை மாறவில்லை. எலும்பு வெள்ளை, காற்று கறுப்பு, மற்ற எல்லாமே சாம்பல். எலும்பு முறிவு, இதயத்தின் பருமன், நுரையீரல், விழுங்கிய கல் ஆகியவற்றுக்கு இதுவே போதும், விலையும் குறைவு. மூளை, முள்ளந்தண்டு வடம் இரண்டுக்கும் உதவாது. மூக்குக்கு அரைகுறை.

புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க எடுக்கிறார்கள் என்றால் மூன்று படம் கேளுங்கள்: வலப்பக்கம் சரித்து ஒன்று, இடப்பக்கம் சரித்து ஒன்று, நேராக ஒன்று. ஒரு பக்கம் சரிந்து கிடக்கும்போது அடியில் அமுங்கும் நுரையீரலில் காற்றுக் குறைந்து, அங்குள்ள பொட்டு மறைந்துவிடும். அதனால்தான் இரண்டு பக்கமும். அரை சென்டிமீட்டருக்குக் குறைந்த பொட்டுகள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தப்பிவிடும், சீ.டி. அவற்றைப் பிடிக்கும்.

“கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்” என்று உங்களைக் கேட்டால், அசையாமல் இருக்க ஊசி போடலாமா என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். பிடித்தே ஆக வேண்டும் என்றால் ஈய அங்கியும் கையுறையும் இல்லாமல் நிற்காதீர்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அறைக்குள் வேண்டவே வேண்டாம். தூரம் இரண்டு மடங்கானால் படும் கதிர் நாலில் ஒரு பங்காகும், ஆகவே ஒரு அடி பின்னால் போவதும் வீணில்லை. இலங்கையில் இந்தக் கருவிகள் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு மனக்குறை. ஓரிடத்தில் மணியின் எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்துப் போனால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். டியூப்லைட்டின் வெளிச்சம் சரியாக மண்டையோட்டின் மேல் விழுந்திருந்தது. அடுத்த டொக்டர் பார்த்துவிட்டு, திரும்ப எடுக்கச் சொன்னார். ஆகவே மூலக் கோப்பையே கேளுங்கள், அதற்கு டைகொம் என்று பெயர். ஒரு பென்டிரைவைக் கையோடு கொண்டுபோங்கள். படத்தில் பெயரும் திகதியும் இடம் வலம் குறியும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

படி 3: அல்ட்ராசவுண்ட்

வயிற்றுக்கும் இதயத்துக்கும் இதுதான் முதல் தெரிவு. கதிர் கிடையாது, பெரும்பாலும் மயக்கமும் வேண்டாம். வயிற்று முடியை மழிப்பார்கள், பொமரேனியன் வைத்திருப்பவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். ஒலி அலை காற்றைக் கடக்காது, ஆகவே எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் சாப்பாடு நிறுத்தச் சொல்வார்கள். உள்ளே போகும் முன் மரத்தடியில் காலைத் தூக்க விடாதீர்கள், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் நன்றாகத் தெரியும்.

மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட்டில் வந்தால் உடனே அழாதீர்கள். உண்ணிக் காய்ச்சலிலும் அது வீங்கும். அதில் கட்டியே இருந்தாலும், வெட்டி எடுத்துச் சோதிக்கும்போது கணிசமான நாய்களில் அது புற்றுநோயாக இருப்பதில்லை.

படி 4: சீ.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

மூக்கு, மண்டையோடு, எலும்பு, நுரையீரல், அறுவைச் சிகிச்சைக்கான அளவீடு என்றால் சீ.டி. மூளை, முள்ளந்தண்டு வடம் என்றால் எம்.ஆர்.ஐ. சீ.டி. எக்ஸ்ரேயைச் சுற்றிச் சுற்றி எடுத்துத் துண்டு துண்டாகக் காட்டுவது, சில நிமிடங்களில் முடியும். எம்.ஆர்.ஐ. காந்தத்தில் வேலை செய்வது, முக்கால் மணியில் இருந்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் போகலாம். கழுத்தில் மைக்ரோசிப் இருந்தால் முன்பே சொல்லுங்கள். ஆபத்தில்லை, ஆனால் அதைச் சுற்றி ஒரு கறுப்புக் குழி விழுந்து கழுத்துப் பகுதியின் படம் கெடும். கழுத்துப்பட்டி, அதில் தொங்கும் மணி, வெள்ளிச் சங்கிலி, தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

கொழும்பில் எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் தேடி அலைய வேண்டியவை இல்லை. சீ.டி., எம்.ஆர்.ஐ. என்றால் நீங்களாகத் தேடாமல் உங்கள் டொக்டரின் கடிதத்தோடு போவதுதான் நல்லது. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையில் கருத்துக் கேட்கலாமா என்றும் அவரிடமே கேளுங்கள். செலவை எழுத்தில் வாங்குங்கள். ஸ்கேன் விலை என்று சொல்வதில் மயக்கம், படம் தெளிவாகத் தெரிய நாளத்துக்குள் ஏற்றும் மாறுநிற மருந்து (கொன்ட்ராஸ்ட்), படத்தை வாசிக்கும் நிபுணரின் கட்டணம் ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. டாஷண்ட் போன்ற நீள முதுகு நாய் திடீரென்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நடந்தால் அது அன்றைக்கே பார்க்க வேண்டிய விஷயம். பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளியும் வலி உணரவில்லை என்றால் மணித்தியாலக் கணக்குத்தான்.

படி 5: மயக்கம்

எல்லோரும் ஸ்கேனுக்குப் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது மயக்கத்துக்கு, அதுவும் அளவோடு. மூச்சைப் பிடித்து அசையாமல் கிட என்று நாயிடம் சொல்ல முடியாது, ஆகவே மயக்கம் தவிர்க்க முடியாதது. அதற்கு முன் இரத்தம், சிறுநீரகம், ஈரல் சோதனைகளும் வயதான நாய்க்கு இதயச் சோதனையும் தேவை. சீ.டி.யில் நாளத்துக்குள் ஏற்றும் அயடின் மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் அந்தச் சோதனை இரட்டிப்பு முக்கியம். பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு, மயக்கத்தின்போது மூச்சுவிடத் தொண்டைக்குள் போட்ட குழாயை எடுத்த பிறகுதான் கண்டம். “முழுதாக எழும்பும் வரை பக்கத்தில் யார் இருப்பார்கள்?” என்று கேளுங்கள்.

முதல்நாள் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீர் எத்தனை மணி வரை என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிகளுக்கும் இன்சுலின் போடும் பிராணிகளுக்கும் கணக்கு வேறு. வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள், எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும்தான். மணியை மயக்க வேண்டிய காலையில் அம்மா தேத்தண்ணீரோடு தன் மாரி பிஸ்கட்டில் பாதியை வழக்கம்போல அவனுக்குக் கொடுத்துவிட்டார். “பாவம், பசியோடு பார்த்துக்கொண்டிருந்தான் தம்பி.” வயிற்றில் உணவோடு மயங்கினால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். ஓட்டோவில் போய், அதே ஓட்டோவில் திரும்பி வந்தோம்.

படி 6: கதிர்வீச்சு தேவையா?

நம் வீடுகளில் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் மஹரகம என்ற ஊர்ப்பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லியே பழகிய நமக்கு அந்தச் சொல்லே பாதி நோய். உண்மையில் இது மின்சாரமில்லை. லீனியர் அக்சலரேட்டர் என்ற கருவி எக்ஸ்ரேயைப் பல மடங்கு சக்தியோடு கட்டியின் மேல் குவிக்கிறது. செல்லின் டீ.என்.ஏ. முறிகிறது. நல்ல செல் அடுத்த நாளுக்குள் பெருமளவு தன்னைத் திருத்திக்கொள்ளும், புற்றுச்செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. ஒரேயடியாகக் கொடுக்காமல் சிறு சிறு பங்காகக் கொடுப்பதன் காரணம் இதுதான்.

எதற்குப் பயன்படும்? மூக்குக் கட்டி, சில மூளைக் கட்டிகள், வெட்டியும் ஓரத்தில் மிச்சம் விட்ட மாஸ்ட் செல் கட்டி (தோலில் வரும் ஒரு புற்று), மென்திசுப் புற்றுக் கட்டி. உடம்பு முழுக்கப் பரவும் நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவுக்கு ஊசிமருந்துதான் முதலில். வெள்ளைப் பூனைகளின் காது நுனியில் வெயிலால் வரும் புற்றுப் புண்ணை ஆரம்பத்தில் பிடித்தால், காது நுனியை வெட்டினாலே பெரும்பாலும் தீரும்.

மூக்கில் வரும் கார்சினோமா என்ற புற்றுநோய்க்குச் சிகிச்சை இல்லாவிட்டால் நாய்கள் பொதுவாக மூன்று மாதம் போல இருக்கும், முழுக் கதிர்வீச்சு கொடுத்தால் பல நாய்கள் ஒரு வருடத்தை எட்டும், சில தாண்டும். அடியோடு குணமாவது அபூர்வம். எலும்புப் புற்றுநோயில் கதிர்வீச்சு வலியைக் குறைக்கத்தான். சுமார் நாலில் மூன்று நாய்களுக்கு வலி குறையும், அது சில மாதம் நீடிக்கும். ஆனால் வலி போனதும் நாய் ஓடும், அரித்துப்போன எலும்பு முறியும். அதைக் கட்டிப்போட்டு வளர்க்கத் தயாராக இருக்க வேண்டும்.

படி 7: கதிர்வீச்சில் என்ன நடக்கும்?

மூன்று விதம். குணமாக்க முயலும் முழு முறையில் ஒரு தடவைக்கு 3 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் 15 முதல் 20 தடவை, திங்கள் முதல் வெள்ளி வரை. வலியைக் குறைக்கும் முறையில் பெரும்பாலும் வாரம் ஒன்றாக 4 முதல் 6 தடவை, ஒவ்வொன்றும் பெரிய பங்கு. மிகத் துல்லியமாகக் குறிவைக்கும் ஸ்டீரியோடாக்டிக் முறையில் 1 முதல் 5 தடவையோடு முடிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் மயக்கம் உண்டு.

முதலில் திட்டமிடும் சீ.டி. எடுத்து, நாயின் தலை அல்லது உடம்பு தினமும் அச்சொட்டாக அதே இடத்தில் கிடக்க ஓர் அச்சுச் செய்வார்கள். என் மச்சாளின் நாய்க்குப் பல்லால் கடித்துப் பிடிக்கும் தகடு ஒன்று செய்தார்கள். குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் ஒன்டாரியோ மிருக வைத்தியக் கல்லூரியில் இதற்கென்றே கருவி இருக்கிறது, அவள் அங்கேதான் கொண்டுபோனாள். காலையில் விட்டுவிட்டு மத்தியானம் கூட்டிவருவாள். கதிர் பாய்வது சில நிமிடம்தான், மிச்சம் மயக்கமும் விழிப்பும்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரும் பிராணியின் உடம்பில் கதிர் இருக்காது. பிள்ளைகள் கட்டிப்பிடிக்கலாம். தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யும் பூனைகளுக்குக் கொடுக்கும் கதிர் அயடின் மட்டும் விதிவிலக்கு, அந்தப் பூனையைச் சில நாள் தனியாக வைத்திருப்பார்கள்.

படி 8: வீட்டில் பார்த்துக்கொள்வது

முழு முறையில் பக்கவிளைவு இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தலைகாட்டும், சிகிச்சை முடிந்து இரண்டு முதல் நாலு வாரத்தில் ஆறும். கதிர் பட்ட இடத்தில் மட்டுமே வரும்: தோல் சிவந்து ஈரமாக உரியும், வாயில் புண் வரும், கண்ணுக்குக் கிட்ட என்றால் கண் வறளும். நக்க விடாமல் கூம்பு போடுங்கள். தேங்காயெண்ணெய், மஞ்சள், சித்தாலேப என்று எதையும் டொக்டரைக் கேட்காமல் பூச வேண்டாம். வாய்ப்புண்ணுக்கு ஆறிய குழைசோற்றில் நெத்தலி அவித்த தண்ணீரை உப்பில்லாமல் ஊற்றிப் பாருங்கள். கதிர் பட்ட இடத்தை வெயிலில் காட்டாதீர்கள், காலி முகத்திடல் நடையைப் பொழுதுபட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

உதிர்ந்த முடி நிறம் மாறி முளைக்கும். மச்சாளின் கறுப்பு நாய்க்கு மூக்கில் இருந்து கண்வரை வெள்ளையாகத் திருநீறு பூசினதுபோல வந்தது. மாமி வீடியோவில் பார்த்துக் கும்பிட்டார்.

மாதக்கணக்கு, வருடக்கணக்குக் கழித்து வரும் விளைவுகள் சில பிராணிகளுக்கே வரும், ஆனால் மாறாதவை: கண்ணில் படலம், எலும்பு செத்துப்போதல். வயதான நாய்க்கும் இளம் நாய்க்கும் ஒரே முறையைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

படி 9: கடல் தாண்டுவது என்றால்

டொக்டர் வெளிநாட்டைச் சொன்னால் டிக்கெட் விலையைப் பார்க்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். நம் நாட்டில் விசர்நாய் நோய் இருப்பதால் பல நாடுகள் காத்திருக்க வைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் இல்லாத நாட்டு நாய்க்கு முதலில் மைக்ரோசிப், பிறகு தடுப்பூசி, அதற்குப் பின் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து அந்நோய்க்கான எதிர்ப்பு அளவு மில்லிலீற்றருக்குக் குறைந்தது 0.5 அலகு இருக்கிறதா என்று சோதனை, இரத்தம் எடுத்த நாளில் இருந்து மூன்று மாதம் காத்திருப்பு. மூக்குக் கட்டியின் மூன்று மாதக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிப்பும் தடுப்பூசியும் நாய் நன்றாக இருக்கும்போதே போட்டு, அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். போவதற்கான சுகாதாரச் சான்றிதழ், திரும்பக் கொண்டுவருவதற்கான அனுமதி இரண்டையும் கெட்டம்பேயில் தலைமையகம் உள்ள விலங்கு உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்திடம் ஒரே மூச்சில் கேளுங்கள். போன நாய் திரும்பி வர முடியாமல் தவிப்பதைப் போலக் கொடுமை இல்லை.

போகாமல் விடுவதும் ஒரு முடிவுதான். வலிமருந்து, இரத்தம் நிறுத்தும் மருந்து, நல்ல சாப்பாடு, அவனுக்குப் பிடித்த மூலை இவற்றோடு மீதி மாதங்களை வீட்டில் கழிக்கும் திட்டத்தையும் டொக்டரிடம் எழுதி வாங்கலாம். அதற்கு ஸ்கேன் வேண்டியதில்லை.

படி 10: திரும்பப் பார்க்கும் படம்

கதிர்வீச்சு முடிந்த கையோடு படம் எடுத்தால் வீக்கமும் கட்டியும் பிரித்தறிய முடியாமல் கலந்து தெரியும், காசுதான் போகும். பொதுவாக இரண்டு மூன்று மாதம் விடுவார்கள். பழைய டைகொம் கோப்பை மறக்காமல் கொண்டுபோங்கள், ஒப்பிட அது இல்லாவிட்டால் புதுப் படத்துக்குப் பாதி மதிப்புத்தான். அப்புறம், முதல்நாள் இரவு பிஸ்கட் டின்னை அலுமாரியின் மேல்தட்டில், அம்மாவுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.